யாழ்ப்பாணத்தில பொதுத்தோட்டம் எதுக்கு?

வளவுக்காரன் | 2024 ஓகஸ்ட் 18

வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு வளவு. அப்பிடியான ஊரில, கிணத்தடி, நீங்கள் பொதுத்தோட்டம் நடத்துறது எதுக்கு? அது இங்க றொறொன்ரோவில மாடிவீட்டில இருக்கிற எங்களுக்குச் சரி. நகரசபை ஒரு துண்டு நிலம் தரும், வருசக்காசு கட்டித் தக்காளி நடுவம். அதை அப்பிடியே ஊருக்குக் கொண்டுபோய் வைச்சு என்ன செய்யிறியள்? படம் எடுத்துப் போடவோ?

கிணத்தடி | ஓகஸ்ட் 18, இரவு

வளவு இருக்கிறது உண்மை. இறங்கிக் கொத்த ஆர் இருக்கினம்? எங்கட ஒழுங்கையில பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் கூட. திறந்திருக்கிற வீடுகளிலயும் அறுபது எழுபது தாண்டின ஆக்கள் தனிய. கிணறு இருக்கும், மோட்டர் பழுதானால் கழட்டிக் கொண்டுபோய்த் திருத்த ஆள் இராது. வாடகைக்கு இருக்கிற குடும்பம் முத்தத்தில ஒரு கத்தரிக் கண்டு வைக்கிறதெண்டாலும் வீட்டுக்காரரைக் கேட்கவேணும்.

எங்களோட வேலை செய்யிற ஒரு அக்காவுக்கு வலிகாமம் வடக்கில நல்ல செம்மண் தோட்டம் இருக்கு. காணி உறுதிப் பத்திரமும் கையில இருக்கு. 1990 இல வெளிக்கிட்டவ. அந்தப் பக்கத்தில கனக்கக் காணி விட்டாச்சு, அவவின்ர துண்டு இன்னும் ஆமியின்ர முள்ளுக்கம்பிக்கு உள்ளுக்குத்தான். "வீட்டுக்கு வீடு வளவு" எண்டு அவவுக்கு முன்னால சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கட பொதுத்தோட்டம் இருக்கிறது உரும்பிராய்ப் பக்கம், மூண்டு பரப்பு. ஏக்கருக்குப் பதினாறு பரப்பெண்டு கணக்குப் பார்த்தால் பெரிய இடமில்லை. காணிக்காரர் வெளிநாட்டில, சனசமூக நிலையத்தை நம்பி விட்டிருக்கினம். தொடங்கினது 2022 இல, மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் சனம் வரிசையில நிண்ட வருசம். அந்த ஜூனில அரசாங்கமே தன்ர உத்தியோகத்தருக்கு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமை லீவு குடுத்தது. லீவு கிடைச்ச கொஞ்சப் பேரும் வளவில்லாத கொஞ்சப் பேரும் சேர்ந்து, பார்த்தீனியக் களை மூடிக்கிடந்த காணியைத் துப்பரவாக்கிச்சினம். மரக்கறி விலை நிண்ட நிலையில படம் எடுக்கிற நினைப்பு ஒருத்தருக்கும் வரேல்லை.

கிணத்தடி | ஓகஸ்ட் 20

பொதுத்தோட்டம் வெளிநாட்டுச் சாமான் எண்ட கதைக்கு ஒரு பதில் மிச்சம் இருக்கு.

வளவுக்காரன், உங்கட பேரனாரின்ர தோட்டக்காணி உறுதி எங்கயாவது கிடந்தால் எடுத்து வாசியுங்கோ. நாலு எல்லையும் சொல்லி முடிச்ச பிறகு, கிணத்திலயும் துலாவிலயும் (தண்ணி இறைக்கிற நீள மரம்) வழிவாய்க்காலிலயும் எத்தினையில ஒரு பங்கு எண்டு எழுதியிருக்கும். ஒரு கிணத்தைச் சுத்திப் பல தறை, அதாவது தோட்டத் துண்டு. தறைக்குத் தறை இறைப்பு முறை. வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் எங்களிட்ட இல்லை. வழுக்கையாறும் மாரியில மட்டும்தான் ஓடும். கிணத்தைப் பங்குபோட்டபடியால்தான் இந்த மண்ணில வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வந்தது.

துலாவில தனிய இறைக்க ஏலாது. மேல ஏறித் துலா மிதிக்க ஒருத்தரோ ரெண்டு பேரோ வேணும். கீழ பட்டை பிடிக்க ஒருத்தர், பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற இன்னொருத்தர். இண்டைக்கு நீங்கள் என்ர தறைக்கு வந்தால் நாளைக்கு நான் உங்கட தறைக்கு வந்தே ஆகவேணும். பிறகு பம்பு வந்தது. ஒரு ஆள் மிசினைச் சைக்கிளில கட்டிக்கொண்டு போய்த் தன்பாட்டில இறைச்சிட்டு வரலாம். இடுப்பு தப்பினது நல்லதுதான். ஆனால் இவ்வளவுதான் இறைக்கலாம் எண்ட எல்லையும் அதோட போச்சு, அயல் வேணும் எண்ட தேவையும் போச்சு. நாங்கள் இப்ப செய்யிறது அந்த ரெண்டாவதைத் திருப்பிக் கொண்டுவாற வேலை.

ஊரி | ஓகஸ்ட் 21

பங்குக் கிணத்தைப் பெருமையாச் சொல்லுறியள் அக்கா. அந்தக் கிணத்துக்கட்டில ஏறவிடாத சனத்தைப் பற்றி ஒரு சொல்லும் காணேல்லை.

கிணத்தடி | ஓகஸ்ட் 21

கேட்கவேண்டிய கேள்வி. அதை விட்டுப்போட்டுப் பங்குக் கிணறு பற்றிக் கதைக்கக்கூடாது.

பங்கு இருந்தது காணி இருந்தவைக்கு. அந்தத் தறையில பகல் முழுக்க வெயிலில நிண்ட ஆக்களுக்குக் கட்டில ஏறி ஒரு வாளி அள்ள உரிமை இருக்கேல்லை. ஆராவது வந்து அள்ளி ஊத்துமட்டும் குடத்தோட காத்து நிக்கவேணும். 1957 இல சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் ஊருக்குள்ள அது கனகாலம் இழுபட்டது.

எங்கட தோட்டத்தில எழுதி ஒட்டின விதி ஒண்டே ஒண்டுதான். கிணத்துக்குப் பூட்டு இல்லை, வாளியும் கயிறும் பொது, ஆரும் அள்ளலாம், ஆரின்ர கையாலயும் குடிக்கலாம். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சில போகும், இது போகாது. மாத்தச் சொல்லிக் கேட்டவை இருக்கினம். மாத்தேல்லை. அவை வாறேல்லை, அதால தோட்டம் ஒண்டும் குறைஞ்சு போகவும் இல்லை.

கிணத்தடி | ஓகஸ்ட் 27

இந்த மாதம் ஆள் பஞ்சமில்லை. பள்ளிக்கூட லீவில வெளிநாட்டுப் பிள்ளையள் வந்து நிக்குதுகள், நல்லூர்த் திருவிழாவும் நடக்குது. வாற எல்லாருக்கும் ஏதாவது ஒண்டு நடவேணும். மண் காய்ஞ்சு இறுகிக் கிடக்கு, கிணத்தில தண்ணி அடியில. இப்ப நட்டால் நடுகிறவர் பிளேன் ஏறின அடுத்த கிழமை கண்டு செத்துப்போகும்.

தோட்டத்தின்ர கஷ்டம் முழுக்க இதுக்குள்ள இருக்கெண்டு நான் நினைக்கிறன். ஆள் வாற காலம் ஒண்டு, வேலை வாற காலம் வேற ஒண்டு. ஆகவே ஆவணிக்கெண்டு ஆவணி வேலையைத்தான் தேடிக் குடுக்கவேணும். அது நிறையவே இருக்கு.

பனம்பழம் விழுற காலம். விடியக் கடகத்தோட போய்ப் பொறுக்கிக் களி பிழிஞ்சால் பணியாரத்துக்கும் பினாட்டுக்கும் ஆச்சு. கொட்டையைச் சேர்த்து வைச்சு மழைக்கு முன்னம் பாத்தி போட்டால் தை மாசியில கிழங்கு. லண்டனில இருந்து வந்த பிள்ளை ஒண்டு முதல்நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டது, ரெண்டாம் நாள் முழங்கை மட்டும் களி. தாய் கூப்பிடக் கூப்பிட வரமாட்டன் எண்டுது.

வேப்பங்கொட்டையும் இப்பதான் விழுது. சின்னப் பிள்ளையளுக்கு நல்ல வேலை. தோல் கழட்டி நிழலில காயவிட்டு வைச்சால் மாரியில மருந்துக்கு எடுக்கலாம். இடிச்ச பருப்பு லீற்றருக்கு 50 கிராம், இரவு ஊறப்போட்டு விடிய வடிச்செடுத்து, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி கலந்து பொழுதுபட விசிறவேணும். வெயிலில விசிறினால் வீரியம் கெதியாப் போயிடும்.

பெரிய பெடியளுக்குக் குழை. பூவரசு, கிளிசரியா எல்லாம் வெட்டிக் கிடங்கு கிண்டித் தாழ்க்கிறது. முந்தி புகையிலைத் தோட்டங்களுக்கு வன்னியில இருந்து லொறி லொறியாய்க் குழை வரும். இப்ப வேலியில நிக்கிறதே எங்களுக்குக் காணும்.

கிணத்தடி | செப்டெம்பர் 22

யூரியா போடாமல் எப்பிடி எண்டு கேட்டவைக்கு.

2021 மே மாதம் உர இறக்குமதியை ஒரேயடியாய் நிப்பாட்டி, நவம்பரில திருப்பி விட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது பிழையான வழி. தோட்டக்காரருக்கு ஒரு போகம் கூட அவகாசம் குடுக்காமல் செய்தது. ஆனால் குடாநாட்டுக்கு அது முதல்தரம் இல்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையில யூரியா வரேல்லை, மண்ணெண்ணெய் தங்கவிலை. கழட்டிப் போட்ட துலாவைத் திருப்பி நட்டு இறைச்ச வீடுகள் இருக்கு. மாட்டெருவும் ஆட்டுப்பட்டியும் குழையும்தான் அப்ப சனத்தைக் காப்பாத்தினது.

நாங்கள் போடாததுக்குக் காரணம் கொள்கை இல்லை, கிணறு. செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், கல்லு முழுக்க வெடிப்பும் ஓட்டையும். மேல கொட்டுறது மழையோட நேர கிணத்துக்குப் போகும். உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து வலிகாமத்தில கனக்கக் கிணத்தில நைத்திரேற்றைக் கூட்டிப்போட்டுது. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதுக்கு மேல போன தண்ணியில கைக்குழந்தைக்குப் பால்மா கரைச்சால் குழந்தையின்ர இரத்தம் பிராணவாயுவைக் கொண்டுபோக ஏலாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். சுட வைச்சாலும் நைத்திரேற்று போகாது. எங்கட கிணத்துத் தண்ணியை வேலை செய்யிற எல்லாரும் குடிக்கிறம், அதில ரெண்டு பிள்ளைத்தாய்ச்சியள். எருவும் குழையும் கணக்கில்லாமல் போட்டாலும் நைத்திரேற்று இறங்கும்தான், அதால அதையும் அளவோடதான் போடுறது.

நாற்றுமேடை போட்டாச்சு. மிளகாய், கத்தரி, தக்காளி.

கிணத்தடி | ஒக்டோபர் 20

ஐப்பசி பிறந்த கையோட மழை. ஒழுங்கை முழுக்க மண்வெட்டியோட சனம். போன மாதம் கூப்பிட்டும் வராத ஆக்கள் கூட இண்டைக்கு நிண்டவை. சந்தோசம்தான்.

வேலிக்குக் கதியால் போடுற நாள் இது. கிளுவையும் கிளிசரியாவும் வெட்டி நட்டம். ஈரத்தில இப்ப நட்டால் வேர் பிடிச்சிடும், தைக்குப் பிறகு நட்டால் விறகுதான்.

பார்த்தீனியமும் முளைக்குது. இந்தியப்படை வந்த காலத்தில, 1987 க்குப் பிறகு, ஆடுகளோட வந்ததெண்டு பெரும்பாலும் சொல்லுவினம். ஒரு செடி பதினையாயிரம் விதைக்கு மேல போடும். பூக்க முன்னம், மண் ஈரமா இருக்கேக்க, வேரோட பிடுங்கவேணும். கையுறை இல்லாமல் ஒருத்தரும் தொடவேண்டாம். தோல் கடியும் தும்மலும் வரும், சிலருக்கு மூச்சு இழுக்கும். பூத்ததைப் பிடுங்கி எருக்கிடங்கில போடாதேங்கோ, எல்லாப் பாத்திக்கும் நாங்களே விதைச்ச மாதிரி ஆயிடும். இதை ஒவ்வொரு மாரியும் சொல்லவேண்டிக் கிடக்கு.

கிணத்தடி | நவம்பர் 28

தோட்டம் தண்ணிக்குள்ள. வங்காள விரிகுடாத் தாழமுக்கம், மூண்டு நாளாய் விடாத மழை. கரையோரச் சனம் பள்ளிக்கூடங்களில. சமைச்சுக் குடுக்கிற இடத்துக்குத்தான் எங்கட ஆக்கள் எல்லாரும் போயிருக்கினம். கண்டுகளைப் பற்றிப் பிறகு.

கிணத்தடி | டிசெம்பர் 3

வடிஞ்சிட்டுது. செம்மண் எண்டபடியால் கெதியா இழுத்திட்டுது, தென்மராட்சிப் பக்கம் வயலுகளில இன்னும் நிக்குது. தக்காளி முழுக்கப் போச்சு, மிளகாயில பாதி. மேட்டில நட்ட கத்தரி தப்பினது. பனம்பாத்திக்கு ஒண்டும் இல்லை. வாய்க்காலை வடக்குப் பக்கம் திருப்பி வெட்டவேணும் எண்டு ஐயா ஒருத்தர் 2020 டிசெம்பர் புரெவிப் புயலில இந்தக் காணியில தண்ணி நிண்டதைக் கண்டு சொன்னவர். இப்ப வெட்டுறம்.

வளவுக்காரன், நீங்கள் கேட்ட கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. தனி வளவில நாற்றுப் போனவர் இந்த வருசத்தை விட்டிடுவார். எங்களிட்ட மூண்டு வீட்டில பிரிச்சு வைச்ச விதை இருந்தது. சாம்பல் பிரட்டின பூசணி விதை, சுரைக்குடுவையில பயற்றை, போத்தலில கத்தரி. திருப்பி நாற்றுப் போட்டாச்சு. மூண்டு வீடு எண்டது ஒரு ஆச்சியின்ர யோசனை. ஒரு கூரை ஒழுகினாலும் மற்றக் கூரை இருக்கும் எண்டவ. ஊர் விட்டு ஊர் ஓடித் திரிஞ்ச காலத்தில அவ விதைமுடிச்சைச் சீலைத் தலைப்பில கட்டிக்கொண்டு போனவவாம்.

கிணத்தடி | டிசெம்பர் 15

எல்லாரும் வாசியுங்கோ. எலிக்காய்ச்சல் பரவுது. சாவும் நடந்திட்டுது. வெள்ளம் வடிஞ்ச சேத்திலயும் வயலிலயும் எலியின்ர சிறுநீர் கலந்திருக்கும், காலில இருக்கிற சின்னக் கீறலுக்கால உள்ளுக்குப் போகும். புண் இருக்கிறவை இறங்கவேண்டாம். மற்றவை சப்பாத்துப் போடாமல் பாத்திக்குள்ள கால் வைக்கக்கூடாது. டொக்சிசைக்கிளின் குளிசை வாரத்துக்கு ஒருக்கால் எடுக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) மாரிட்டக் கேட்டு எடுங்கோ, கடையில வாங்கித் தன்பாட்டில விழுங்காதேங்கோ. காய்ச்சலோட கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோலோட படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். தோட்டத்தில சேத்தில நிண்டனாங்கள் எண்டு டொக்டருக்குச் சொல்லுங்கோ.

பிள்ளையளை இந்த மாதம் மறிச்சு வைச்சிருக்கிறம். கார்த்திகை விளக்கீட்டண்டு மட்டும் வந்து கிணத்தடியிலயும் படலையிலயும் பந்தம் நட்டுப்போட்டுப் போனவை.

கிணத்தடி | 2025 ஜனவரி 19

வாடைக்காத்து. பின்னேரம் பெடியள் பட்டத்தோட வயல்வெளிக்கு ஓடுதுகள், பிடிக்க ஏலாது.

வெங்காயம் நட்டு முடிஞ்சுது. வெள்ளத்தால விதை வெங்காயத்துக்குச் சரியான விலை, நினைச்சதில அரைவாசிதான் நட்டம். மிச்சப் பாத்தியில பீற்றூட், கோவா. குளிர் இருக்கிற இந்த ரெண்டு மாதம்தான் அதுகளுக்கு இங்க காலம். சுவிஸில இருந்து ஒரு தம்பி பொங்கலுக்கு வந்து நிண்டவர், அங்க கோவாவைப் பனிக்குள்ளயும் விடலாம் எண்டார். எங்களுக்கு மாசி கடந்தால் வெயிலில வெடிச்சிடும்.

கிணத்தடி | பெப்ரவரி 16

பனங்கிழங்கு கிண்டினம். அவிச்சுத் தின்னக் கொஞ்சம், மிச்சத்தைக் கிழிச்சு ஒடியலுக்குக் காயப்போட்டிருக்கு. ஆவணியில கொட்டை பொறுக்கின லண்டன் பிள்ளைக்கு ஒரு கட்டுப் புழுக்கொடியல் ஊருக்கு வந்து போன ஆள் கையில அனுப்பினம்.

பனி கடுமை, வெங்காயத் தாளில நுனி கருகுது. விடிய வெயில் ஏற முன்னம் பூவாளியால தெளிச்சுப் பனியைக் கழுவி விடச் சொல்லி ஐயா சொன்னார். செய்த பாத்திக்கும் செய்யாத பாத்திக்கும் வித்தியாசம் தெரியுது. ஆனால் விடிய ஐஞ்சு மணிக்கு வரவேணும்.

கிணத்தடி | மார்ச் 30

வெங்காயம் கிண்டின அண்டைக்கு அறுபது பேர் அளவில நிண்டவை. பனியில விடிய வந்தவையை ஒரு கையில எண்ணலாம். பிரிக்கேக்கச் சண்டை வந்தது, வராமல் இருந்தால்தான் அதிசயம்.

எங்கட முறை இப்பிடி. விளைச்சலில பாதி வேலை செய்தவைக்கு, கால்வாசி முன்பள்ளிச் சாப்பாட்டுக்கும் தனிய இருக்கிற முதியவைக்கும், கால்வாசி விதைக்கும் செலவுக்கும். வேலை செய்தவை ஆர் எண்டதில்தான் பிரச்சினை. நட்டதுக்கும் கிண்டினதுக்கும் எல்லாரும் நிக்கினம். ஆகவே போன வருசம் தொட்டு ஒரு கொப்பி. அதில எழுதுறது இறைப்பு முறை மட்டும். மழையில்லாத காய்ச்சல் காலத்தில தண்ணி மாறினவருக்குத்தான் கூடப் பங்கு. நட்டவர் படம் காட்டுவார், இறைச்சவர் உயிரைக் காத்தவர், இதில எனக்கு ரெண்டாம் பேச்சில்லை.

கிணத்தடி | ஏப்ரல் 2

ரெண்டாம் பேச்சு இருக்கு. விதை பிரிச்சு வைக்கச் சொன்ன ஆச்சி ஒரு வாளி தூக்கமாட்டா, கொப்பியில அவவின்ர பெயர் ஒரு இடத்திலயும் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு தோட்டம் எழும்பினது அவவின்ர குடுவையால. தண்ணியை மட்டும் எண்ணினால் இடுப்புப் பலத்துக்குத்தான் கூலி எண்டு ஆகும், பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒண்டும் விழாது. விதை தெரியிறது, காயவைக்கிறது, நாற்றுமேடை பார்க்கிறது எல்லாத்தையும் முறையாய்ப் பதியிறதெண்டு கூட்டத்தில முடிவு. பனி கழுவினதும் பதிவுக்கு வரும்.

வளவுக்காரன் | ஏப்ரல் 24

வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து காசு போடுறம். ஒரு ஆழமான குழாய்க்கிணறு அடிச்சு, சோலார் பம்பு ஒண்டு பூட்டுங்கோ. விடிய எழும்பி ஆள் தேடுற கரைச்சல் முடிஞ்சிடும்.

கிணத்தடி | ஏப்ரல் 27

மனசு நிறைஞ்ச நன்றி. ஆனால் குழாய்க்கிணறு வேண்டாம்.

குடாநாட்டுக்குக் கீழ இருக்கிற நன்னீர், உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கிற ஒரு படை. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நிண்டால் கீழ ஏறக்குறைய நாப்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைச்சிருக்கும் எண்டது கணக்கு. மேல ஒரு அடி இறங்கினால் கீழ அந்த நாப்பது அடிக்கு உப்பு ஏறும். நிலாவரையில பாருங்கோ, மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. நாங்கள் ஆழமா அடிச்சால் உப்பை நாங்களே கூப்பிட்டமாதிரி, அதுவும் எங்கட கிணத்துக்கு மட்டும் வராது. அயலில இருக்கிற எல்லாக் குடிகிணத்துக்கும் வரும்.

சோலார் பம்பிலயும் எனக்குத் தயக்கம். மின்கட்டணம் 2022 இலயும் 2023 இலயும் ஏறின பிறகு ஆக்கள் மோட்டரைப் பார்த்துத்தான் போடினம். காசில்லாமல் ஓடுற பம்பை நிப்பாட்ட ஆருக்கும் மனம் வராது. இந்தப் பங்குனி சித்திரையில கிணத்தின்ர நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து எழுதுறம். அடையாளக் கல்லுக்குக் கீழ போனால் அடுத்த நாள் இறைப்பு இல்லை.

காசு போடுறதெண்டால் சொட்டுநீர்க் குழாய்க்குப் போடுங்கோ. கத்தரிக்கும் மிளகாய்க்கும் வாய்க்காலில விடுறதை விடக் குறைஞ்ச தண்ணி காணும். பனையோலையும் வைக்கோலும் பரப்பிப் பாத்தியை மூடினால் இன்னும் குறையும்.

கிணத்தடி | ஜூன் 15

சோளகக் காத்து தொடங்கி அடிச்சுத் தள்ளுது. கிழக்கு மேற்காய்க் கிடுகு மறைப்புக் கட்டியும் பயற்றைப் பந்தல் ஒருக்கால் சரிஞ்சிட்டுது. சொட்டுநீர்க் குழாய் பாதிக் காணிக்குப் போட்டாச்சு, மற்றப் பாதி ஓய்வில கிடக்கட்டும்.

வாறவை: வலிகாமம் வடக்கு அக்கா, ஐயா, உயர்தரப் பரீட்சை எழுதிப்போட்டு மறுமொழிக்காகக் காத்திருந்த ரெண்டு பெடியள், முன்பள்ளி ரீச்சர். ஒரு கட்டாக்காலி மாடும், படலை திறந்து கிடந்தால்.

இறைக்கிறவைக்குக் காசு குடுத்தால் என்ன எண்டு திருப்பியும் கேள்வி வந்தது. முந்தி வேண்டவே வேண்டாம் எண்டு நிண்டனான். இப்ப அப்பிடிச் சொல்ல ஏலாமல் கிடக்கு. அக்கா கூலிவேலையை விட்டுப்போட்டு வாறா, பென்சன்காரர் விடிய உலாத்த வாறார். ரெண்டு பேரின்ர மணித்தியாலத்தையும் தொண்டெண்டு ஒரே பெயரில எழுதுறது நியாயமில்லை. செலவுக்கெண்டு வைச்ச கால்வாசியில இருந்து, நாட்கூலியில வாழுறவைக்கு இறைப்பு மாதங்களுக்கு மட்டும் ஒரு தொகை குடுக்கிறதெண்டு கேட்டிருக்கிறன். எதிர்க்கிறவையும் இருக்கினம், காசு வந்தால் மற்றவையும் கேட்பினம் எண்டு. கேட்டால் கேட்கட்டும், அப்ப கதைப்பம்.

ஊரி | ஜூன் 16

குடுங்கோ அக்கா. அந்த வலிகாமம் வடக்கு அக்காவைத் தனியக் கூப்பிட்டுக் குடுக்காமல் கூட்டத்தில சொல்லிக் குடுங்கோ.

கிணத்தடி | ஜூலை 17

கூட்டத்தில சொல்லித்தான் குடுத்தது. ஆடி வரைக்கும் நாலு பேருக்கு. இண்டைக்கு ஆடிப்பிறப்பு, தோட்டத்தில கூழ் காய்ச்சினம், கொழுக்கட்டை வீடுகளில இருந்து வந்தது.

வளவுக்காரன் அடுத்த மாதம் வாறாராம், என்ன கொண்டுவர எண்டு கேட்கிறார். தடிச்ச தோட்டக் கையுறை கொண்டு வாங்கோ, சின்னக் கைக்கும் சேர்த்து. உங்களுக்கு வைச்சிருக்கிற வேலை கிணறு. தண்ணி ஆகலும் கீழ நிக்கிற அந்த மாதத்தில கலக்கி இறைச்சு அடிச்சேறு அள்ளவேணும்.

அதுக்கு வாற எல்லாருக்கும் இப்பவே சொல்லி வைக்கிறன். மண்ணெண்ணெய், பெற்றோல் பம்பைக் கிணத்துக்குள்ள இறக்கவே கூடாது. உள்ளுக்குள்ள தேங்குற புகையால ஆக்கள் செத்திருக்கினம், தூக்கப் போனவையும் சேர்த்து. விளக்கை இறக்கிப் பார்த்தால் காணும் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். பம்புப் புகையில விளக்கு எரிஞ்சுகொண்டே இருக்கும், ஆள் விழுந்திடும். மின்மோட்டர் மேல நிண்டு இறைக்கும். அதை நிப்பாட்டி, குழாய் வயர் எல்லாம் வெளியால எடுத்த பிறகுதான் ஆள் இறங்கிறது. இறங்கிறவருக்கு இடுப்பில கயிறு, கயித்தைப் பிடிக்க மேல மூண்டு பேர், மூண்டு பேரும் போன் பார்க்கக்கூடாது. உள்ளுக்கு இருக்கிறவர் கூப்பிட்ட குரலுக்கு மறுமொழி தராட்டில் இழுக்கிறதுதான், ஒருத்தரும் பின்னால இறங்கவேண்டாம்.

நாள் ஓகஸ்ட் 10, ஞாயிறு, விடிய ஆறு மணி. கடகமும் மாத்து உடுப்பும் கொண்டு வாங்கோ. அள்ளுற சேறு தெற்குப் பாத்திக்கு.